டர்பைன் ஹாக் மாடல்: வால் பகுதியைப் பற்றி மட்டும்

2024 அக்டோபரில் மெரினா மேலே விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் ஹாக் ஜெட் விமானங்கள் பறந்ததைப் பார்த்த நாளிலிருந்து நண்பர் ஒருவருக்கு அந்த விமானத்தின் மேல் தீராத ஆசை. என்னிடம் இருக்கும் அதன் மாடலின், அதாவது டர்பைன் என்னும் சிறு ஜெட் எஞ்சினில் ரிமோட்டால் பறக்கும் சிறு விமானத்தின், விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இறக்கை நீளம், எடை, எந்த டர்பைன் பொருந்தும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நான் வாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைத்தான் மறுபடியும் பிரித்துக் கோத்து முடித்திருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்குத்து வால் இரண்டு கார்பன் குழாய்களின் மேல் வழுக்கி இறங்கி உடலோடு உட்காரும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இணைப்பில் ஒரு தாள்கூட நுழையாது. செங்குத்து வாலில் இடவலமாகத் திரும்பும் ரடர் பலகையின் கீல்கள் நேர்கோட்டில் இருக்கின்றன. அடிப்பக்கத்துச் சிறு துடுப்புகள் இரண்டும் ஒரே கோணத்தில் வந்திருக்கின்றன. அச்சு செய்தவர் கை தேர்ந்தவர், சந்தேகமே இல்லை.

சிக்கல் கிடைவாலில்தான். ஹாக்கில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற தனிப் பலகை கிடையாது, கிடைவால் முழுவதுமே அசையும். போதாக்குறைக்கு இரண்டு பாதிகளும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நேராக ஒரே தண்டைச் செருக முடியாது. ஒவ்வொரு பாதிக்கும் தனித் தண்டு, அதைத் திருப்பத் தனி சர்வோ மோட்டார். இரண்டும் ஒன்றுபோல் அசையாவிட்டால் மூக்கைத் தூக்கும்போதே விமானம் ஒரு பக்கம் உருளும். மூக்கு நுனியிலிருந்து இரண்டு வால் நுனிகளுக்கும் நூல் பிடித்து அளந்து, டிஜிட்டல் கோணமானியை இரு பாதிகளிலும் வைத்து, நடுநிலையில் மட்டுமல்லாமல் முழு மேல், முழு கீழ் நிலைகளிலும் சரிபார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை அந்தத் தண்டு சுழலும் இடம். கிட்டில் தண்டு நுழைந்து சுழல புஷ் என்னும் பித்தளை வளையம் தருகிறார்கள். அதைத் தாங்குவது ஃபார்மர் என்னும் உடலின் குறுக்குச் சட்டம், அதுவும் வெறும் பிளைவுட். புஷ் தேயவில்லை, தண்டும் தேயவில்லை. மரத்துளைதான் நசுங்கி நீள்வட்டமாகிவிடுகிறது. ஒரு பருவம் பறந்தபின் வாலின் பின்விளிம்பைப் பிடித்து அசைத்தால் சர்வோ அசையாமலே வால் ஆடுகிறது. புஷ்ஷைச் சுற்றி மெல்லிய இபாக்சி விட்டால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு அதே ஆட்டம்.

எலிவேட்டரில் சிறு ஆட்டம் இருந்தால் சமாளிக்கலாம். முழு வாலும் அசையும் விமானத்தில் அது வேறு கதை. வேகம் மூன்று மடங்கானால் காற்றின் அழுத்தம் ஒன்பது மடங்கு. தளர்ந்த வால் அந்த வேகத்தில் படபடக்கத் தொடங்கினால், கண் பார்த்துக் கை ஸ்டிக்கைத் தொடுவதற்குள் வால் பிய்ந்துவிடும். கெரசின் நிரம்பிய, பல கிலோ எடையுள்ள ஒரு பொருள் கட்டுப்பாடில்லாமல் விழுவதை நினைத்துப் பாருங்கள். அந்தத் துளையில் நல்ல மரத்துக்குக்கூடச் செலவு செய்யாதவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். அவர்கள் வாலில் எடையைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள், அந்தக் காரணம் சரியானது. சி.ஜி. எனப்படும் எடைச் சமநிலைப் புள்ளியிலிருந்து மூக்குக்கு இருக்கும் தூரத்தைப் போல வாலுக்கு இரு மடங்கு தூரம் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு பத்து கிராமுக்கும் மூக்கில் இருபது கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆனால் எங்கே குறைப்பது என்பதில்தான் அறிவு இருக்கிறது.

இம்முறை பழைய புஷ்களை எடுத்துவிட்டு, ஃபார்மரின் இருபுறமும் ஜி-10 என்னும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டி, அதில் விளிம்பு வைத்த பால் பேரிங்குகளை உட்கார வைத்தேன். தண்டைத் திருப்பும் கையான ஹார்னின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) பதியும் இடத்தில் தண்டைத் தட்டையாக அரவி, திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் 243 போட்டு இறுக்கினேன். புகைக்குழாயை ஒட்டிய சர்வோ சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினேன். கூடிய எடைக்கு பேட்டரியை முன்னால் தள்ளியதே போதுமானது.

அதன்பின் பறந்த விதம்! தாழ்வாக ஓடுபாதையோடு வரும்போது ஸ்டிக்கை எங்கே விட்டேனோ அங்கேயே நிற்கிறது. இறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடித்தால் கடைசி வரை வால் சொன்னபடி கேட்கிறது. இத்தனை ஜெட் மாடல்கள் பறக்கவிட்டிருக்கிறேன், இவ்வளவு நம்பிக்கையாக இறங்கும் ஒன்றைப் பார்த்ததில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும், உயிராதாரமான ஒரு துளையை வாங்கியவரே திருத்திக்கொள்ளட்டும் என்று விற்கும் பெட்டிக்கு நான் பரிந்துரை செய்ய மாட்டேன். என்னுடையதைத் தருவாயா என்று கேட்டால், அதையும் தர மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று: ஜி-10 தகடும் பேரிங்கும் வந்து சேரும் வரை புகைக்குழாயைப் பொருத்தாதீர்கள். குழாய் உள்ளே போய்விட்டால் அந்த ஃபார்மரின் பின்பக்கத்துக்குக் கை நுழையாது.