ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனி அக்கவுண்ட்ஸா? கடலூரில் முதல் வேலை

2019இல் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் பி.காம் முடித்ததும், ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்தன. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மாதம் 13,000 ரூபாய். மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 8,000. வீட்டில் எல்லாரும் சிப்காட் என்றார்கள். நான் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். சிஏ படிப்பவர்கள் ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் வேறு கணக்கு. நான் பேசுவது சம்பளத்துக்குச் சேரும் அக்கவுண்டண்ட் வேலையைப் பற்றி மட்டும்.

கம்பெனியின் நன்மைகள் தெரிந்தவைதான்: கூடுதல் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, நேரத்துக்கு வீடு. இருபது பேருக்குக் குறைவான இடத்தில் பிஎஃப் கட்டாயமில்லை என்பதால், சின்ன ஆடிட்டர் ஆபீஸில் அதை எதிர்பார்க்க முடியாது. வருமான வரிக்கு செப்டம்பர் 30 ஆடிட் ரிப்போர்ட், அக்டோபர் 31 ரிட்டர்ன் என்று கெடு இருப்பதால் அந்த இரண்டு மாதமும் இரவு பத்து மணிக்குத்தான் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பேன்.

அப்படியும் நான் ஆடிட்டர் ஆபீஸ் பக்கம் நிற்கக் காரணம், அடுத்த வேலைக்கான இன்டர்வியூ. அங்கே கேட்பது ஒரே கேள்வி: "ஃபைனலைசேஷன் வரைக்கும் போடுவீங்களா?" அதாவது, வருடக் கணக்கை முடித்து பேலன்ஸ் ஷீட் வரை தனியாகத் தயாரிக்க வருமா என்று. நான் விட்ட சிப்காட் வேலையில் என் நண்பன் சேர்ந்தான். இரண்டு வருடமும் பர்சேஸ் பில்தான். ஆர்டர், சரக்கு வந்த ரசீது, பில் மூன்றையும் ஒத்துப் பார்த்து ஏற்றுவான். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) ஒருவர், ஜிஎஸ்டி ஒருவர், பேலன்ஸ் ஷீட் தலைமை அலுவலகத்தில். கெட்டிக்காரன், ஆனால் அந்தக் கேள்விக்கு அவனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

எனக்கு உரக்கடை, லாட்ஜ், ரைஸ் மில் என்று விதவிதமான ஃபைல்கள். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களின் கணக்கு), 15 பிஎஃப், 20 மூணு-பி (ஜிஎஸ்டி வரியைக் கட்டும் மாதாந்திர ரிட்டர்ன்). "அண்ணே, அந்த விழுப்புரம் பார்ட்டி நம்ம பில்லை இன்னும் ஏத்தலையே" என்று கடைக்காரரிடம் போனில் சொல்லிச் சொல்லித்தான் உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வது, என்றால் என்னவென்று புரிந்தது. மார்ச் முடிந்ததும் தேய்மானம், இருப்புச் சரக்கு, கொடுபடவேண்டியவை எல்லாம் போட்டு, எல்லாக் கணக்குகளின் நிலுவைப் பட்டியலான டிரையல் பேலன்ஸை பேலன்ஸ் ஷீட்டாக்குவதும் நாங்கள்தான்.

நம் ஊருக்கே உரிய பாடம் ஒன்றும் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கத்து ஊர்தான், ஆனால் ஜிஎஸ்டிக்கு வேறு மாநிலம். நம் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கும், அவர்களுடையது 34இல். எங்கள் ஃபைலில் ஒரு ஹார்டுவேர் கடை, புதுச்சேரி எல்லைக்குள் கன்னியக்கோயிலில் இருக்கும் பட்டறைக்குச் சரக்கு அனுப்பியிருந்தது. பில்லில் 18 சதவீதத்தை 9, 9 என்று ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி (மத்திய), எஸ்ஜிஎஸ்டியாக (மாநில) பிரித்திருந்தார்கள். சேர்ந்து நாலு மாதமே ஆன நான் அப்படியே ஏற்றிவிட்டேன். வேறு மாநிலத்துக்கு விற்கும்போது போடும் ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடம் அது. தலைப்பு மாறிக் கட்டிய வரிக்கு வட்டி இல்லை. ஆனால் சரியான வரியை முதலில் கையிலிருந்து மறுபடி கட்டிவிட்டு, பழையதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அதிலிருந்து எந்த பில்லைக் கையில் எடுத்தாலும் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள் எதில் தொடங்குகின்றன என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மூன்று வருடம் கழித்து புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போனபோது, ஒரு டிரையல் பேலன்ஸை நீட்டி முடித்துத் தரச் சொன்னார்கள். முடித்தேன், வேலை கிடைத்தது.

எஸ்ஏபி (பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்), காஸ்டிங் (உற்பத்திச் செலவுக் கணக்கு) போன்றவற்றைப் பெரிய கம்பெனியில்தான் கற்க முடியும் என்கிறார்கள். அதில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அடித்துப் பேச மாட்டேன். வீட்டில் கடன் இருந்து முதல் மாதமே 13,000 தேவை என்றால் கம்பெனிக்கே போங்கள், அதில் தவறில்லை. எல்லா ஆடிட்டர் ஆபீஸும் கற்றுக்கொடுக்கும் என்றும் இல்லை, சில இடங்களில் வருடக்கணக்கில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி மட்டும் போட வைப்பார்கள். சேரும் முன் அங்கே வேலை பார்க்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ பிடித்து, "சேர்ந்து எத்தனை மாதத்தில் மூணு-பி உங்கள் கைக்கு வந்தது?" என்று கேளுங்கள். எனக்கு ஆறாம் மாதம் வந்தது.