மாடியில் ஓடும் செட்டிநாடு பாசஞ்சர்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

மாடியில் நான் கட்டிய மாடல் ரயிலுக்கு, முதல் வருஷச் சித்திரையிலேயே தண்டவாளம் பாம்பாக நெளிந்துவிட்டது. மார்கழிக் குளிரில், மயிரிழை இடைவெளி இல்லாமல் இணைப்புகளை இறுக்கிப் போட்டுவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்ட வேலை அது. 4 மீட்டர் நேர்ப்பாதை. எங்கள் மெத்தை அறைக்கு, அதாவது மாடி அறைக்கு, மேலே ஓட்டுக்கூரை. கத்திரி தொடங்குவதற்கு முன்பே பிளாட்பாரத்தின் கோடியில் பாதை பக்கவாட்டில் புடைத்து, இரண்டு பெட்டிகள் குடைசாய்ந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால், 4 மீட்டர் நிக்கல் சில்வர் கம்பி 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 1 மில்லிமீட்டர்தான் நீளும். அந்த 1 மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை என்றால் அது பக்கத்தில்தான் போகும்.

எங்கள் தெருவில் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பார்க்க வந்தவர் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "நாங்க ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல சந்து விட்டுத்தானே தம்பி போட்டோம். ஒங்க ஊர்ல வெயிலே அடிக்காதோ?" என்றார். மறுநாளே எல்லாவற்றையும் அறுத்து, இணைப்புக்கு இணைப்பு 1 மில்லிமீட்டர் விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் கீழிருந்து மின்கம்பி பற்றவைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து கோடை போய்விட்டது. நெளியவில்லை.

எடுத்துக்கொண்ட இடம் செட்டிநாடு ஸ்டேஷன். திருச்சி – மானாமதுரைப் பாதையில் திருமயத்துக்கும் கோட்டையூருக்கும் நடுவில், கானாடுகாத்தானுக்கான ஸ்டேஷன். புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரைக்கும் தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1 மீட்டர்) போட்டது 1930-ல். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போன போட்மெயில் இந்த வழியாகத்தான் ஓடியது. இப்போது அகலப்பாதை. நான் கட்டியது அதற்கு முந்தியது: கைகாட்டி, ஒற்றைப் பாதையில் போக டிரைவருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன், நீராவி எஞ்சின் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம். அப்பச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்ற வயதில் நான் பார்த்தது.

அளவு பற்றிக் கேட்பவர்களுக்கு: 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இதில் மீட்டர்கேஜ் 11.5 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் பாதை. அந்த அரை மில்லிமீட்டரைக் கண் பொருட்படுத்தாது. அகலப்பாதையை இதே அளவில் செய்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். எல்லோரும் ஓட்டுகிற 16.5 பாதையில் நம் ஊர் எஞ்சின் இடுப்பு சிறுத்த மாதிரி தெரியும். மீட்டர்கேஜ் எடுத்தவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். பாதைக்கு பெக்கோ கம்பெனியின் 12 மில்லிமீட்டர் பாதை, வேண்டியபடி வளைத்துக்கொள்ளும் வகை, வாங்கினேன். சுங்கவரியோடு விலை கையைக் கடித்தது. ஆனாலும் ஆறு வருஷத்தில் ஒரு ஸ்லீப்பர் கட்டைகூட விடுபடவில்லை, திரும்பவும் அதையேதான் வாங்குவேன்.

எஞ்சினில்தான் அதிர்ஷ்டம் முடிந்துபோகிறது. ஒய்பி எஞ்சின், அதாவது மீட்டர்கேஜ் பாசஞ்சர் நீராவி எஞ்சின், ரெடிமேடாக எங்கே கிடைக்கிறது? 12 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் டிடி அளவு (1:120) மாடலில், ஒய்பி மாதிரியே சக்கர அமைப்புள்ள பசிபிக் எஞ்சின் ஒன்றை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முப்பரிமாண அச்சில் ஒய்பி கூடு எடுத்துப் பொருத்தினேன். ஒய்பியின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர். 87-ல் வகுத்தால் 16-க்குக் கொஞ்சம் குறைவு. டிடி எஞ்சினின் சக்கரமும் கிட்டத்தட்ட அதே அளவு. சக்கரங்களுக்கு இடையிலான தூரம்தான் சரியாகப் பொருந்தவில்லை. தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். இதுவரை கண்டுபிடித்தது ஒரே ஒருவர், அவரும் பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர். ஒய்டிஎம்-4 டீசல் இவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை. கீழே இரண்டு போகி (சக்கரத் தொகுதி), மேலே பெட்டி மாதிரி ஒரு கூடு. வேலைக்காரன் மாதிரி இன்றைக்கும் ஓடுகிறது. நீராவிக்குத்தான் மாதம் ஒருமுறை வைத்தியம்.

இடத்தைச் சுருக்குவதுதான் உண்மையான தலைவலி. 1 கிலோமீட்டர் இந்த அளவில் 11.5 மீட்டர். என் அறை 18 அடிக்கு 9 அடி. ஆகவே பிளாட்பாரம் 2 மீட்டர், அதில் எட்டுப் பெட்டி நிற்கும், அவ்வளவுதான். ஊரிலிருந்து ஒரு வீட்டையாவது முழுதாக வைக்கலாம் என்று பார்த்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடு. 60 மீட்டர் வீட்டை வைத்தால் பலகையில் 69 சென்டிமீட்டர் போய்விடும், ஸ்டேஷனைவிடப் பெரிதாகத் தெரியும். முகப்பை மட்டும் கனமான அட்டையில் வெட்டிச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். அதிலும் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நம் வீட்டுச் சுவர் மாதிரியே பளபளக்கட்டும் என்று சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பூசினேன். மினுமினுப்பு அபாரம். மூன்றாம் நாள் எறும்பு சாரை சாரையாக ஸ்டேஷன் வழியாக வந்து பால்கனியில் ஏறியது. இப்போது அங்கே இருப்பது சாதாரண அக்ரிலிக் வெள்ளை.

வெளிநாட்டு மாடல்களில் ரயிலை மறைக்கச் சுரங்கம் வைப்பார்கள். இந்தச் செம்மண் பொட்டலில் சுரங்கத்துக்கு எங்கே போவது? தைலமரக் காடு ஒன்று நட்டு, அதன் பின்னால் ரயில் போய்விடுகிற மாதிரி வைத்தேன். பின்சுவரில் திருமயம் கோட்டை தீட்டியிருக்கிறது. அது அங்கே தெரியக் கூடாது, அடுத்த ஸ்டேஷன். தெரிந்தே சொன்ன பொய். அழிக்க மனசு வரவில்லை.

இனி மண். கடையில் வாங்கிய புல்தூள் பொட்டலங்களைப் பிரித்ததுமே ஏமாற்றம்தான்: அத்தனை பச்சை. நம்மூரில் ஐப்பசி மழை பெய்து பத்து நாளைக்கு வேண்டுமானால் அந்தப் பச்சை இருக்கும். கயிற்று நாரைப் பொடியாக நறுக்கித் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து ஒட்டினேன். இன்றுவரை நிறம் மாறவில்லை. வாங்கிய பச்சையோ ஜன்னல் பக்கம் வெளுத்து நீலம் பூத்துவிட்டது. மண்ணுக்குத் தோட்டத்துச் செம்மண்ணையே எடுத்து, வாணலியில் வறுத்து, வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிகால் ஒரு பங்கு தண்ணீர் இரண்டு பங்கில் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அந்த மண்தான் என் முதல் எஞ்சினைக் கொன்றது. நம் செம்மண் இரும்புச்சத்து உள்ளது, அதில் காந்தத்துக்கு ஒட்டும் கரும்பொடியும் கலந்திருக்கும். எஞ்சினின் மோட்டாருக்குள் காந்தம். ஓடும்போது பாதையோரம் ஒட்டாமல் கிடந்த துகளையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டது. முனகல் சத்தம் கேட்டுத் திறந்தபோது உள்ளே கரடி முடி மாதிரி நின்றது. அதன் பிறகு மண்ணானாலும் ஜல்லிக்குப் போடும் கிரஷர் பொடியானாலும், காகிதத்தில் பரப்பி மேலே பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நாலு தடவை ஓட்டி எடுக்காமல் பலகைக்கு வருவதில்லை. செம்மண் பூமியில் மாடல் கட்டுபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கைகாட்டிகள் மொத்தம் ஆறு. கீழே இறங்குகிற வகை: கை மட்டமாக நின்றால் நில், சாய்ந்தால் போ. ஆளுக்கொரு சிறிய செர்வோ மோட்டார். நிஜக் கைகாட்டியில் கம்பி அறுந்தால் எதிர்எடை கையைத் தானாக நில்லுக்குத் தள்ளிவிடும். என் செர்வோவுக்கு அந்தப் புத்தி கிடையாது, கரண்ட் போன இடத்திலேயே நிற்கும். ஒருநாள் கரண்ட் வந்ததும் டீசலும் பாசஞ்சரும் லூப் லைனில் (ஸ்டேஷனில் ரயில் ஒதுங்கும் பக்கப் பாதையில்) நேருக்கு நேர். இப்போது கரண்ட் வந்தவுடன் எல்லாக் கையும் முதலில் மட்டத்துக்கு வருகிற மாதிரி புரோகிராம் எழுதிவிட்டேன். டோக்கன் வளையத்தைப் பிளாட்பாரத்தில் ஒருவர் தூக்கிப் பிடித்து நிற்பதும் உண்டு. வளையம் செப்புக் கம்பி, விட்டம் சட்டைப் பொத்தானில் பாதி. செய்து முடிக்க ஒரு வாரம். ரயில் போகும்போது யாருமே பார்ப்பதில்லை.

வழக்கமான பராமரிப்பு: தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பத்து நாளுக்கு ஒருமுறை துடைக்கிறேன். ஆடிக்காற்றில் தினமும். உப்புத்தாளால் ஒருதரம் தேய்த்தேன். அந்தக் கீறல்களில் அழுக்கு சேர்ந்து நிலைமை முன்னைவிட மோசம். பல்லி எச்சம் பாதையில் விழுந்தால் எஞ்சின் அங்கேயே நிற்கும், எழுதச் சங்கடமாக இருந்தாலும் உண்மை. மின்சாரத்துக்கு வீட்டு இன்வெர்ட்டரே போதும்.

எல்லாவற்றையும்விட நான் சரியாகச் செய்த முடிவு, பலகையை ஐந்து துண்டுகளாகக் கட்டியது. அதை எனக்குச் சொல்லித்தந்தது பங்காளி வீட்டுக் கல்யாணம். பூர்வீக வீடு, எல்லோருக்கும் பங்கு. கல்யாணம் என்றால் மெத்தை அறையும் சாமான் பரப்ப வேண்டும். முதல் முறை, ஒரே பலகையாக இருந்ததை வாசலில் கொண்டுபோக முடியாமல் ரம்பம் எடுக்க வேண்டியதாயிற்று. "ரயிலுக்கு அறை, பாத்திரத்துக்குத் திண்ணையா?" என்று பெரியாச்சி கேட்ட கேள்விக்கு இன்றும் பதில் கிடையாது. அதற்குப் பின் நான்கு கல்யாணம் முடிந்தாயிற்று. நட்டுகளைக் கழற்றி, துண்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ள முக்கால் மணி நேரம். பிளைவுட்டில் வாட்டர்புரூஃப் வகையே வாங்குங்கள். சாதா பலகையில் செய்த மூன்றாம் துண்டு ஐப்பசி ஈரத்தில் வளைந்து, இன்னும் ஒரு ஓரத்தில் அட்டை முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது.

செலவு ஆறு வருஷத்தில் 1,40,000 ரூபாய்க்குப் பக்கம். பாதி எஞ்சின்களுக்கு, கால் பாதைக்கு. செம்மண், நார், மரக்குச்சி எல்லாம் சும்மா வந்தவை.

போன மாதம் கேங்மேன் பெரியவர் மறுபடி வந்தார். ரயில் ஓடுவதை இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு, "புளியமரம் அந்தப் பக்கமுல்ல இருந்துச்சு" என்றார். மரத்தைப் பிடுங்கிவிட்டேன். அது இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நட்டால் சிக்னல் கம்பி இடிக்கும். மரம் இப்போதைக்கு ஜன்னல் திட்டில் நிற்கிறது.