பள்ளிக்கரணை சதுப்புநில நடை: பறவை பார்த்துவிட்டுப் பாதியில் கிளம்பாதீர்கள்

பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருப்பவர்கள் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சதுப்புநில நடை நடத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது, நோட்டீஸ் அச்சடிக்கிற செலவுக்கு மனம் இருந்தால் ஏதாவது கொடுக்கலாம். சென்னையில் பறவை பார்க்கக் கூட்டிப்போகிற குழுக்கள் நிறைய உண்டு, நானும் சிலவற்றோடு போயிருக்கிறேன், ஆனால் பறவையைக் காட்டி முடித்த கையோடு வரைபடத்தை விரித்து இந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது, யாருக்கு மனு போடணும் என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருகிறவர்களை இங்கேதான் பார்த்தேன்.

முதல் பாதி துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை ஓரத்தில். லாரிச் சத்தம் காதைப் பிளக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் பைனாகுலர் இல்லாமலே தெரிகின்றன. எனக்குப் பிடித்தது நீலத்தாழைக்கோழிதான். ஒரு கோரைத் தண்டை வேரோடு பிடுங்கி, சிவப்புக் காலாலேயே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்தோலை உரித்து உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றது. வழிகாட்டியாக வந்த அண்ணன் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. அது தின்று முடிக்கிறவரை அத்தனை பேரும் நின்று பார்த்தோம். நல்ல வழிகாட்டிக்கு இந்தப் பொறுமை வேண்டும், அவருக்கு இருக்கிறது.

அப்புறம் மர நிழலில் இரண்டாம் பாதி. முக்கால்வாசிப் பேர் "டிபனுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், இந்த நடையின் சாரமே இங்கேதான் இருக்கிறது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா வருகிறார். அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி (இந்தச் சதுப்புநிலத்தின் பழைய பெயர்) எப்படிச் சுருங்கியது என்று தொடங்குகிறார். குப்பைமேடு, சாலை, ரயில் நிலையம், அரசு நிறுவனங்கள், ஐ.டி. கட்டடங்கள் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டுகிறார். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்கிற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகணும். தங்குகிற இடத்தை நிரப்பிவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பெரும்பாக்கத்தில் படகு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த நிலம் இந்த அளவுக்காவது மிஞ்சியதற்கு யாரெல்லாம் காரணம் என்று அவர் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. குப்பை எரிகிற புகையில் மூச்சு முட்டிய குடியிருப்பு நலச்சங்கங்கள் தெருவில் இறங்கின, மனு போட்டன, நீதிமன்றம் போயின. சூழலியல் ஆய்வு செய்கிற கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றவர்கள் சேற்றில் இறங்கிக் கணக்கெடுத்து அந்த மனுக்களுக்கு ஆதாரம் கொடுத்தார்கள் (2025-ல் அவருக்கு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் விருது கிடைத்ததை அந்த ஐயா சொன்னபோது கூட்டம் கை தட்டியது). 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் அந்த ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்து ராம்சார் தலமானது. இதில் எதுவும் தானாக நடக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வருடக்கணக்கில் அலுவலகப் படி ஏறிய சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள்.

இப்போதைய சிக்கல் எல்லைதான். ராம்சார் பரப்பில் ஏறக்குறைய 700 ஹெக்டேர் வனத்துறையிடம் இருக்கிறது, மீதியில் பட்டா நிலமும் உண்டு. அதன் எல்லையை சர்வே எண் வாரியாகத் தரையில் அளந்து முடிக்காமலே காலம் ஓடியதால் உள்ளேயே கட்டட அனுமதி போன கதை எல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தது. எல்லை அளவீடு முடிகிறவரை ராம்சார் பரப்பிலும் அதைச் சுற்றி 1 கி.மீ. தூரம்வரையும் புதிய கட்டட அனுமதி கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. நாங்கள் போன அன்று ஒருவர் எழுந்து, "மாடி கட்ட பிளான் போட்டு உட்கார்ந்திருக்கேன், கடனுக்கு வட்டி ஓடுது, உங்க பறவைக்காக நான் ஏன் சிரமப்படணும்?" என்று கோபமாகக் கேட்டார். ஐயா அவரை மடக்கப் பார்க்கவில்லை. "நியாயமான கோபம். எல்லையைச் சீக்கிரம் அளந்து முடிங்கன்னு நாங்களும்தான் மனு போடறோம். அதுல நீங்களும் கையெழுத்து போடுங்க" என்றார். அவர் கையெழுத்துப் போட்டாரா என்று நான் பார்க்கவில்லை, ஆனால் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எதிர்க்கருத்தோடு வருகிறவரை இப்படி நடத்துகிற குழுவை நான் நம்புகிறேன்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள் 2017-ல் விதி 4-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்கிறார் ஐயா: ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவுநீர் விடுதல், வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல் எல்லாமே தடை, கடந்த பத்து வருட சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானமும் தடை. ராம்சார் தலங்களுக்கு இது பொருந்தும். பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, கட்டட இடிபாடு கொட்டுகிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு மனு எழுதி வந்திருந்தார். ஐயா அதை வாங்கி, "சமூகத்தின் பால் அக்கறை கொண்டு" என்பதில் ஆரம்பித்து வரிசையாக அடித்துவிட்டு, தேதி, சர்வே எண், இடம் தெரிகிற போட்டோ, விதி எண், என்ன நடவடிக்கை வேண்டும் என்று ஆறு வரியில் நிறுத்தினார். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாகணும், ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள் என்றார். அந்த ஆறு வரி மனுவைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இந்த நடையில் கிடைத்த உருப்படியான பொருள் அதுதான்.

குறைகளும் உண்டு. கூட்டத்துக்கு வரம்பே வைப்பதில்லை, பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் பாதி பேச்சு கேட்காது. கழிப்பறை வசதி இல்லை, பெரியவர்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம், குழு இதை முதலில் சரிசெய்யணும். கையில் கொடுத்த வரைபடம் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளை, சர்வே எண்கள் படிக்கவே முடியவில்லை. எல்லைதான் பிரச்சினை என்று சொல்லித்தருகிற இடத்தில் எல்லைக்கோடு தெரியாத வரைபடம் கொடுப்பது சரியில்லை, பிடிஎஃப் ஆகவாவது அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் வலசை வருகிற பறவைகளும் கிடைக்கும். தொப்பி, தண்ணீர், சேறு பட்டால் பரவாயில்லை என்கிற செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் குடியிருப்பவராக இருந்தால் உங்கள் வீட்டுச் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், ராம்சார் பரப்புக்கு உள்ளே வருகிறதா வெளியே இருக்கிறதா என்று எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதை உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்.