இலவசமாக மாட்டித் தந்த ஸ்லீவுக்குள்ளே என்ன இருந்தது?

ஜேசிபி, பொக்லைன், போர்வெல் ரிக் என்று ஹைட்ராலிக் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஹோஸ் (பிரஷர் ஆயில் போகும் ரப்பர் குழாய்) கடைக்குப் போங்கள். கடைப் பெயர் வேண்டாம், இந்த ஏமாற்று வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமாக இருக்காது.

திருச்செங்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்று மண் அள்ளும் வேலை. வண்டியின் பின்பக்க பூமுக்கு (பக்கெட்டைத் தூக்கும் கை) போகும் அரை இஞ்ச் ஹோஸில் ரப்பர் உரிந்து, உள்ளே கம்பி துருவேறித் தெரிந்தது. வெடிக்கும் முன்னே மாற்றிவிடலாம் என்று கழற்றி பைபாஸ் கடைக்குக் கொண்டு போனேன்.

"டபுள் பிரெய்டுதானுங்களே?" என்று கேட்டேன், உள்ளே கம்பிப் பின்னல் இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று.

"நம்மகிட்ட வேற சரக்கே இல்லீங்க."

இருபது நிமிடத்தில் கிரிம்ப் அடித்து (ஹோஸ் முனையில் இணைப்பை நெருக்கிப் பிடிக்கவைத்து), மேலே கறுப்பு நைலான் ஸ்லீவும் (உறை) மாட்டி, "இது நம்ம கணக்குங்க, காசு வேண்டாம்" என்று நீட்டினார். 1,850 ரூபாய். பில்லில் 'ஹோஸ் 1' என்று மட்டும் இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பதினோராம் நாள் பூமைத் தூக்கும்போது ஹோஸ் ஓரம் புகை மாதிரி ஆயில் பறந்தது. ஆபரேட்டர் தம்பி எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, கசிவு எங்கே என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினான். தோட்டத்து டிராக்டரைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர், பழைய மெக்கானிக், "டேய், கையை எடு!" என்று கத்தினார். பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து நீளக் கழியில் செருகி ஹோஸ் ஓரமாக நகர்த்தினார். ஒரு இடத்தில் அட்டை பிளேடு போட்டதுபோல அறுந்தது. தம்பியின் விரல் போக இருந்த இடம் அது.

ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினது போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. டிடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் பிறகு விரலை, கையை இழந்திருக்கிறார்கள். அப்படிப் பட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து சுத்தம் பண்ண வேண்டிய காயம் அது.

அப்புறம் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டச் சொன்னார். லைனில் நிற்கும் பிரஷர் அப்போதுதான் இறங்கும். தூக்கி நிறுத்திய பூமில் ஹோஸைக் கழற்றினால் பூம் அப்படியே தலைமேல் வரும். ஆயில் ஆறும்வரை காத்திருந்துதான் நட்டைத் தளர்த்தினோம்.

ஸ்லீவைக் கிழித்தேன். ஹோஸ் மேல் அச்சடித்த எழுத்து அப்போதுதான் கண்ணில் பட்டது: 1எஸ்என், 160 பார் (பார் என்பது பிரஷர் அளவு), 2கியூ16. ஒற்றைக் கம்பிப் பின்னல், 2016-இன் இரண்டாம் காலாண்டில் செய்தது. எனக்கு வேண்டியது இரட்டைப் பின்னல் 2எஸ்என், அரை இஞ்சுக்கு 275 பார். பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வே என் வண்டியில் 250 பார் பக்கம்தான் திறக்கும். அந்த எழுத்தை மறைக்கத்தான் இலவச ஸ்லீவ். (ஸ்லீவ் கெட்டதில்லை, உரசலுக்கு நல்லதுதான். எழுத்தைப் படித்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.)

கடையில் போய்க் கேட்டால், "பதினோரு நாள் ஓடுச்சில்லீங்களா?" என்கிறார். ஓடத்தான் செய்யும். வேலை பிரஷரைப் போல நான்கு மடங்கு தாங்கினால்தான் ஹோஸ் வெடிசோதனையில் தேறும். ஆனால் அந்த மிச்சத்தாங்குதல், பக்கெட் பாறையில் இடிக்கும்போது ஒரு நொடி ஏறும் பிரஷருக்காக வைத்தது. அதைத் தினமும் தின்றுகொண்டே ஓடினால் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்றும் செய்திருந்தார். ஹோஸ் முனைக்குள் செருகும் நிப்பிள் என்னுடைய பழைய நிப்பிளேதான், அதன்மேல் நெருக்கும் வளையமான ஃபெரூல் மட்டும் புதுசு. "பழசைத் திருப்பிக் கொடுங்க" என்று அன்றே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை, என் தப்பு.

முந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றார். வாங்கவில்லை. மணிக்கு 1,200 ரூபாய் வாடகை வண்டி ஒன்றரை நாள் நின்றதை யாரிடம் கேட்பது?

அந்த ஹோஸில் ஒரு சாண் வெட்டி டூல் பாக்ஸில் போட்டிருக்கிறேன். அடுத்த கடையில் அதைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவர் எழுத்தைப் படித்துச் சிரித்தார், ஸ்லீவ் மாட்டவில்லை.