பிரிண்டருக்கு ஐபி: கையால் எழுதுவதா, ரூட்டரில் ஒதுக்குவதா?

பிரிண்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) மாறாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டரின் மெனுவிலேயே நிலையான ஐபியை எழுதலாம். அல்லது அதை டிஹெச்சிபியிலேயே (ரூட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை) விட்டுவிட்டு, அதன் மேக் முகவரிக்கென்று (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) ரூட்டரில் ஒரு ஐபி எண்ணை ஒதுக்கலாம்.

கையால் எழுதினால் ஐபி, சப்நெட் மாஸ்க் (நம் நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்வது), கேட்வே (வெளியே போகும் வழி, பெரும்பாலும் ரூட்டர்), டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சர்வர்) நான்கையும் நாமே கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன டிஎன்எஸ்ஸில்தான் சறுக்கும். எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் டிஎன்எஸ்ஸை 0.0.0.0 என்றே விட்டிருந்தோம். பிரிண்ட் நன்றாக வந்தது. ஸ்கேன் செய்து மெயிலுக்கு அனுப்பினால் மட்டும் போகவில்லை. மெயில் சர்வரின் பெயருக்கு உரிய ஐபியைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். அப்புறம், ரூட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை பங்கிடுகிறது என்றால், நாம் எழுதும் எண் 192.168.1.50 போல அதற்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே எண் யாருடைய போனுக்காவது போய், இரண்டும் மோதிக்கொள்ளும்.

ரூட்டரில் ஒதுக்கினால் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் கூடவே வந்துவிடும். நாளை டிஎன்எஸ்ஸை மாற்றுவதென்றாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மூல மென்பொருள்) போட்ட ரூட்டர்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலே டிஹெச்சிபி, டிஎன்எஸ் இரண்டு வேலையையும் பார்ப்பதால், எண்ணை மறந்துவிட்டுப் பெயரைச் சொல்லியே பிரிண்டரைப் பிடிக்கலாம்.

ஒன்று கவனியுங்கள்: கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு; பிரிண்டர் எதில் இணைந்திருக்கிறதோ அதன் முகவரிக்கே ஒதுக்குங்கள். ரூட்டரை மாற்றினால் ஒதுக்கீட்டையும் மறுபடி எழுத வேண்டும். சரி, அது ஐந்து நிமிட வேலை. என் ஓட்டு ஒதுக்கீட்டுக்கே. ரூட்டருக்கும் டிஎன்எஸ் சர்வருக்கும் மட்டும் கையால் எழுதுவேன்.