அரசு நடுநிலைப் பள்ளியின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம்

என் மகளும் அவளுக்கு இளையவனான மகனும் ஒரே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். மகள் வெளியே வந்த கையோடு மகன் உள்ளே சென்றதால், அந்தப் பள்ளியை இரண்டு முழுச் சுற்று இடைவெளியின்றிப் பார்க்க முடிந்தது. இதற்கிடையில் தலைமை ஆசிரியர் மாறினார், ஆசிரியர்கள் பலர் இடமாற்றலில் சென்றனர், பாடப்புத்தகங்கள் மாறின. கட்டடமும் மைதானமும் அப்படியே இருக்க, பள்ளி மட்டும் வேறு பள்ளியாக மாறியதைக் கண்ணால் கண்டேன். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் பலரும் கேட்பது அது நல்ல பள்ளியா என்ற ஒரே கேள்வியைத்தான். அந்தக் கேள்விக்கு எதை வைத்து விடை சொல்லலாம் என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. ஒரு பிள்ளை பின்தங்கத் தொடங்கும் நாளுக்கும், பள்ளியில் யாரேனும் ஒருவர் அதைக் கவனித்து ஏதாவது செய்யும் நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் கழிகிறது என்பதே நான் நம்பும் அளவுகோல்.

இந்த மூன்று வகுப்புகளுக்கு இந்த அளவுகோல் குறிப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் வகுப்பில் இருப்பார். ஒரு குழந்தை சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அன்று மாலைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளையை ஒரு பாடவேளை மட்டும் பார்க்கிறார். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான காலம், உடலும் மனமும் ஒருசேர மாறி, பிள்ளைகள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளும் காலமும் ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: தன்னை அறிந்த பெரியவர் ஒருவரின் துணையும் சொந்தமாக முடிவெடுக்கும் வாய்ப்பும் அதிகம் தேவைப்படும் வயதில், பள்ளி அமைப்பு அவ்விரண்டையும் குறைத்துவிடுகிறது, அந்த வயதில் பிள்ளைகளின் ஆர்வம் சரிவதற்கு இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம். எனவே, கவனிப்பு தானாக நடக்காத இந்த வகுப்புகளில், கவனிப்பதற்கென்று பள்ளி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது தேர்வு முடிவுகளின் சராசரியைத்தான். அது பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது பள்ளியைப் பற்றிச் சொல்வதைவிட, பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளின் வீடுகளைப் பற்றியே அதிகம் சொல்கிறது. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகளையும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, பள்ளிகளின் வசதிகளில் உள்ள வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணியே மாணவர்களின் தேர்ச்சியோடு நெருக்கமாகத் தொடர்புடையது என்று கண்டது. அந்த ஆய்வின் முறைகளைப் பற்றிப் பின்னாளில் நிறைய விவாதம் நடந்தது. என்றாலும் இந்த அடிப்படைச் செய்தியைப் பெற்றோர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். படித்த பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த பள்ளியின் உயர்ந்த சராசரி அதன் கற்பித்தலுக்குக் கிடைத்த சான்றிதழ் ஆகாது. பள்ளி சிறியதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: முப்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேரின் முடிவு மாறினாலே தேர்ச்சி விகிதம் பத்து விழுக்காடு ஏறும் அல்லது இறங்கும். அதை வைத்து இந்த ஆண்டு பள்ளி முன்னேறிவிட்டது என்றோ சரிந்துவிட்டது என்றோ பேசுவதில் பொருளில்லை.

அதற்கு மாறாக, ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் இருந்த அதே மாணவர்கள் எட்டாம் வகுப்பின் முடிவில் எங்கே நிற்கிறார்கள் என்ற ஒப்பீடு மதிப்புள்ளது. இப்போதைய தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டபோது அவர் தயங்கவில்லை. பெயர்களை மறைத்துவிட்டு, அடிப்படைத் தேர்வின் நிலைகளையும் மூன்றாண்டு கழித்து வந்த நிலைகளையும் எடுத்துக் காட்டினார். கீழ்நிலையில் தொடங்கிய பிள்ளைகளில் கணிசமானோர் நடுநிலைக்கு வந்திருந்தார்கள். மேல்நிலையில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள் என்பதையும் அவரே சொன்னார். ஒரு பள்ளி தன்னைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதையே நான் தரத்தின் ஓர் அடையாளமாகக் கொள்கிறேன்.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கே தேவை. முடிவெடுப்பதற்கு ஓர் எண்ணை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோமோ அந்த அளவுக்கு அந்த எண் திரிக்கப்படும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களில் எழுதினார். முந்தைய தலைமை ஆசிரியரின் காலத்தில் தேர்ச்சி விகிதமே எல்லாமாக இருந்தது. அதன் விளைவை என் மகளின் அறிவியல் குறிப்பேட்டில் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு விடையும் சொல்லுக்குச் சொல் வகுப்பிலுள்ள மற்ற குறிப்பேடுகளில் இருந்ததைப் போலவே இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி என்ற குறி இருக்கும். எந்தப் பக்கத்திலும் யாரும் எதையும் படித்துப் பார்த்த தடயம் இருக்காது. மதிப்பெண் நன்றாகவே வந்தது.

ஆகவே பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் மதிப்பெண் அட்டையைவிடக் குறிப்பேட்டையே பரிந்துரைக்கிறேன். சுமாராகப் படிக்கும் பிள்ளையின் குறிப்பேடாக அது இருக்க வேண்டும். முதலிடம் பெறும் பிள்ளையின் குறிப்பேடு எந்தப் பள்ளியிலும் அழகாகத்தான் இருக்கும். அதில் பிழைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிழையே இல்லாத குறிப்பேடு கரும்பலகையிலிருந்து எடுக்கப்பட்ட படி மட்டுமே. அடுத்து, பிழையை ஆசிரியர் எப்படிச் சுட்டியிருக்கிறார் என்று பாருங்கள். மூன்றாவதாக, சுட்டிக்காட்டிய பிறகு பிள்ளை அதைத் திரும்பச் செய்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது படிதான் அரிதானது, ஆசிரியரின் நேரத்தை மிகுதியாகக் கேட்பதும் அதுதான். என் மகனுக்கு மொழிப்பாடம் எடுத்த ஆசிரியை கட்டுரைகளின் ஓரத்தில் "இதை எப்படிச் சொல்கிறாய்?" என்றோ "இந்தப் பத்தி எதற்காக?" என்றோ எழுதுவார், அடுத்த வாரம் அதே கட்டுரை மீண்டும் எழுதப்பட்டிருக்கும். அவனுடைய எழுத்து மாறியது அந்த ஓரக் குறிப்புகளால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கணக்குப் பாடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ராபர்ட் சீக்லரும் பிற ஆய்வாளர்களும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கின்றன என்பது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உயர்நிலை வகுப்புகளில் அப்பிள்ளை கணக்கில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டுவதாகக் கண்டார்கள். குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி, பொது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. பின்னம் புரியாமல் இயற்கணிதத்துக்குள் நுழையும் பிள்ளை விதிகளை மனப்பாடம் செய்து சில காலம் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலத்தில் மதிப்பெண் எதையும் காட்டிக்கொடுக்காது.

என் வீட்டிலேயே இது நடந்தது, அதுவும் இருமுறை. மகள் ஏழாம் வகுப்பில் பின்னத்தில் தடுமாறத் தொடங்கியபோது பள்ளியில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் விடைத்தாளில் அது தெரிந்தது. மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கணக்கு ஆசிரியர் நீண்ட விடுப்பில் சென்றார். பதிலாக வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவனும் அதே இடத்தில் தடுமாறினான். இம்முறை சில வாரங்களுக்குள் வகுப்பாசிரியர் எங்களை அழைத்தார். அவர் கணக்கு எடுப்பவர் அல்லர், சமூக அறிவியல் எடுப்பவர். முன்பெல்லாம் கை தூக்கிக் கேள்வி கேட்கும் பையன் இப்போது எந்தப் பாடவேளையிலும் கேட்பதில்லை என்று அறிவியல் ஆசிரியரும் தானும் ஒரே வாரத்தில் கவனித்ததாகச் சொன்னார். காலை வழிபாட்டுக்கு முன் நடந்த சிறு குழு வகுப்பில் அவனையும் சேர்த்தார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் மீண்டுவிட்டான்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆசிரியர்களின் நல்ல மனம் மட்டுமன்று. மகளின் ஆசிரியர்களும் நல்லவர்களே. புதிய தலைமை ஆசிரியர் கொண்டுவந்த ஓர் ஏற்பாடுதான் காரணம். ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் அனைவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளை சேர்ந்து அமர்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவரின் பெயரையும் வாசித்துப் பேசுகிறார்கள். பெரும்பாலான பெயர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாதாம். ஏதோ ஒரு பெயரில் இருவர் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். பள்ளியின் கவனம் அங்கிருந்து தொடங்குகிறது. இதற்குப் பணமோ புதிய கட்டடமோ தேவையில்லை. கால அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றும் உறுதி தேவை. நான் கண்ட மாற்றங்களிலேயே இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சராசரி வருகை 95 விழுக்காடு என்று பள்ளி பெருமையோடு சொல்லலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அதன் பொருள், சராசரியாக நாளொன்றுக்கு இருவர் வரவில்லை என்பது. அந்த இருவர் தினமும் வெவ்வேறு பிள்ளைகளாக இருந்தால் கவலையில்லை. ஆனால் அதே நான்கு பிள்ளைகள் பாதி நாட்கள் வராமல் இருந்தாலும் அதே 95 விழுக்காடுதான் வரும். இதனால்தான் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாகக் கணக்கிடும் வழக்கம் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகியிருக்கிறது. சராசரியைக் கேட்காமல் இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு யார் செல்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வகுப்பறைக்கு வெளியே நான் பார்த்தவை கழிப்பறையும் இடைவேளையும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகளுக்கு வேண்டிய வசதி உள்ளே இருக்கிறதா என்பவற்றைத் திறப்பு விழா நாளில் பார்த்துப் பயனில்லை, சாதாரண நாளின் பிற்பகலில் பார்க்க வேண்டும். என் மகளின் தோழிகள் சிலர் கழிப்பறைக்குப் போக நேரிடும் என்பதற்காகவே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இப்போது அந்த நிலை இல்லை. இடைவேளையில், கட்டடத்தின் பின்புறத்திலும் மாடிப்படியின் அடியிலும் பெரியவர் யாராவது நிற்கிறாரா என்று பாருங்கள். 1983-இல் நார்வே அரசு பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலுக்கு எதிராக நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியபோது, அதையொட்டி டான் ஓல்வியஸ் வகுத்த திட்டத்தில் இடைவேளை நேரக் கண்காணிப்பு முக்கியமான ஓர் அங்கமாக இருந்தது. பிள்ளைகள் அடிபடுவதும் அவமானப்படுவதும் பெரும்பாலும் ஆசிரியர் கண் படாத இடங்களில்தான்.

குறைகள் இன்றும் இருக்கின்றன. நூலக அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. எட்டாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போது பிற பாடங்கள் விழுங்கிவிடுகின்றன. ஓவியத்துக்கும் அதே கதிதான். பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் முறை மாறவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர்களின் வேகத்துக்கேற்ற வேலை கொடுப்பதில் பள்ளி இன்னும் பின்தங்கியே இருக்கிறது என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. பின்தங்கும் பிள்ளையைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பள்ளியால், சலித்துப்போய் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் கவனிக்க முடியும். அதே கூட்டத்தில் அந்தப் பெயர்களுக்கும் நின்று பேசினால் போதும்.

புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் ஏழாம் வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவரோடு பேசிப் பார்ப்பது நல்லது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி இன்னும் புதிது. எட்டாம் வகுப்புப் பிள்ளைமீது பள்ளியே கூடுதல் கவனம் செலுத்தும். நடுவிலிருக்கும் வகுப்பில்தான் அன்றாடப் பள்ளி தெரியும். ஒரு பாடம் புரியாவிட்டால் யாரிடம் போவாய் என்று கேளுங்கள். ஓர் ஆசிரியரின் பெயர் உடனே வந்தால் அது நல்ல பள்ளி. தனிப்பயிற்சி வகுப்பின் பெயர் வந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும்.

என் தங்கையின் மகள் வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அதே பள்ளியில் சேர்க்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டாரா, இப்போதைய தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அந்த இருவாரக் கூட்டம் தொடருமா என்ற இரண்டையும் சேர்க்கைக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படியும் சொல்லியிருக்கிறேன்.