நார்தர்ன் லைட்ஸ் செல்ஃப் டிரைவ் பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸில் பணம் கட்டி, 2025 ஜனவரியில் நானும் என் மனைவியும் பின்லாந்து போய் ஏமாந்து வந்தோம். மண்டபம், கீழக்கரைப் பக்கம் இன்னும் சிலர் அதே பேக்கேஜை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

என் மனைவி பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறார். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தின் வழியே துருவத்துப் பக்கம் இறங்கி, நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே ஆக்சிஜனில் மோதும்போது பச்சை வெளிச்சம் வரும், அதுதான் நார்தர்ன் லைட்ஸ் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர். அதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சூரியன் தன் 11 வருடச் சுழற்சியின் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இந்த வெளிச்சம் அதிகம் தெரியும் காலம், இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சேமிப்பை எடுத்தோம்.

"மதினிக்கு நூறு சதவீதம் காட்டிருவோம்ணே, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீக" என்றார் அந்த டிராவல்ஸ்காரர். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வாடைக் காலத்தில் பாம்பனில் படகு இறக்குகிறவர்கள்கூட அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். சூரியன் எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கேரண்டி என்று யார் சொன்னாலும் அது பொய்.

இருவருக்கும் சேர்த்து 5,80,000 ரூபாய். அதற்கு மேல் டிசிஎஸ் (பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று 29,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பின்லாந்தின் வடக்கே இருக்கும் ரோவனியெமி விமான நிலையத்தில் மதியம் இறங்கினோம். வெளியே மைனஸ் 18 டிகிரி. கார் கவுன்டரில் வவுச்சரை நீட்டினேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்தார், எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். ஓட்டுநர் என்று பதிவாகியிருந்தது என் மனைவியின் பெயர். அவருக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. சரி, பெயரை மாற்றுங்கள் என்றால், ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபாசிட் தொகையை அதில்தான் பிடித்துவைப்பார்கள் என்றார். என்னிடம் இருந்தது டெபிட் கார்டும், டிராவல்ஸ்காரர் சொல்லி வாங்கிய, வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டும். அடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்டார். "உங்க லைசென்ஸ் இங்கிலீஷ்லதான இருக்கு, அதுவே போதும்ணே" என்று சொல்லப்பட்டிருந்தேன். வவுச்சரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த இரண்டுமே இருந்தன. முழு இன்சூரன்ஸ் என்று சொன்னாரே, அதில் கண்ணாடியும் டயரும் சேராது என்பதும் அங்கேதான் இருந்தது.

கார் கொடுக்கவில்லை. கட்டிய பணமும் திரும்பாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் விதியைச் சொன்னார், குடிக்கச் சூடாக ஏதோ கொடுத்து உட்காரவும் வைத்தார்.

அந்த சர்வதேச அனுமதி ஒன்றும் பெரிய விஷயமில்லை. நம் ஆர்டிஓ அலுவலகத்திலேயே படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குத் தருகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன்.

பயணத் திட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறங்கிய அன்றே காரை எடுத்து இனாரி என்ற ஊருக்குப் போக வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் போட்டிருந்தார். சுமார் 325 கிலோமீட்டர், நம் ஊரிலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரம். ஜனவரி நடுவில் அங்கே பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான். ஆக, முழுக்க இருட்டு, சாலையெல்லாம் இறுகிய பனி, நடுவழியில் ரெயின்டீர் மான்கள் நிற்கும். ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓட்டுவது சாலையின் வலது பக்கம். ஒன்றரை நாள் விமானத்தில் தூக்கமில்லாமல் வந்தவன், இதுவரை ஈசிஆரில் மட்டுமே ஓட்டியவன் நான். ஹோட்டல் வாசலில் காருக்குக் கார் ஒரு சிறிய மின்கம்பம் நிற்கிறது, அதில் வயரைச் செருகி இன்ஜினைச் சூடாக்கி வைக்கிறார்கள் என்பதையே அங்கே போய்த்தான் பார்த்தேன். கார் கிடைத்திருந்தால் அன்று ராத்திரியே கிளம்பியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

மறுநாள் பஸ்ஸிலாவது இனாரிக்குப் போகலாம் என்று அந்த ஹோட்டலுக்குப் போன் செய்தோம். முதல் நாள் வராததால் புக்கிங் முழுவதும் ரத்து என்றார்கள். ரோவனியெமியிலேயே சொந்தக் காசில் அறை எடுத்தோம். இரண்டு இரவு மேகம். மூன்றாம் இரவு வானம் திறந்தது. ஆர்க்டிகும் அருங்காட்சியகத்துக்குப் பின்னால், உறைந்து கிடந்த ஆற்றங்கரைக்கு நடந்தே போனோம். ஊர் விளக்குகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மெல்லிய மேகம் மாதிரி. செல்போனில் எடுத்துப் பார்த்தால் பச்சை. என் மனைவி போனை வாங்கிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இதுதாங்க" என்றார். குளிரில் பேட்டரி செத்துப் போன் அணைந்த பிறகும் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார். விளக்கு குறைந்த இனாரியில் அவர் பார்க்க வேண்டியது இது.

இனி அந்த 29,000. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது 7 லட்சம் வரை 5 சதவீதம் டிசிஎஸ் பிடித்தார்கள். அது நம் பான் எண்ணில் ஏற வேண்டும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். ஜூலையில் 26ஏஎஸ் (நம் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் வருமானவரிப் படிவம்) எடுத்துப் பார்த்தால் ஒரு பைசா ஏறவில்லை. "அடுத்த குவார்ட்டர்ல வந்துரும்ணே" என்றார் டிராவல்ஸ்காரர். அப்புறம் போனே எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு கைரசீதும், அவருடைய சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிய விவரமும், வாட்ஸ்அப் பேச்சும்தான்.

அவற்றை வைத்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, எனக்கு 200 ரூபாய் ஆனது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து கேட்கலாம்.

எண் இல்லாத, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் குத்திய அந்த மாதிரிக் கைரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றே உங்கள் 26ஏஎஸ்ஸை எடுத்துப் பாருங்கள்.